வராத முதியவரைத் தேடிப் போங்கள்: கிராமப்புற முதியோர் மருத்துவத் திட்டங்களை மதிப்பிட வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வட்டாரத்தில் முதியோருக்கான மருத்துவத் திட்டம் ஒன்று சில ஆண்டுகளாக நடந்துவருகிறது என்று வைத்துக்கொள்வோம். செவிலியர் மாதம் ஒருமுறை ஊர் ஊராகப் போகிறார். இரத்த அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார், பதிவேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார். ஆண்டறிக்கையில் ‘12,000 பரிசோதனைகள்’ என்று கொட்டை எழுத்தில் வருகிறது. இந்தத் திட்டத்தால் பயன் உண்டா என்று பார்த்துச் சொல்லும் வேலை உங்களிடம் வந்து சேர்கிறது.

அந்த 12,000 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஆயிரம் பேர் மாதந்தோறும் வந்திருந்தாலும் 12,000 தான். அந்த வட்டாரத்தில் 4,000 முதியவர்கள் இருந்தால், 3,000 பேர் ஒருமுறைகூட வரவில்லை என்று ஆகிறது. ஏன் வரவில்லை? படுக்கையில் கிடப்பதாலா, வண்டி வசதி இல்லாததாலா, கூட்டிவர ஆள் இல்லாததாலா? வந்த ஆயிரம் பேரும் ஓரளவு நடமாட முடிந்தவர்களாக, சாலையோரம் குடியிருப்பவர்களாக இருந்துவிட்டால், யாருக்காகத் திட்டம் தீட்டினார்களோ அவர்களை அது தொடவே இல்லை. கீழே நான் சொல்லும் படிகள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் அந்த 3,000 பேரிடம்தான் போய்ச் சேரும். வந்தவரை அளப்பது எவருக்கும் கைவரும். வராதவரைக் கணக்கில் கொண்டுவருவதுதான் நம் வேலை.

இது புதிதாகக் கண்டுபிடித்த கவலையும் இல்லை. வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் ‘லான்செட்’ இதழில் இதைத்தான் எழுதினார். தேவை எங்கே அதிகமோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது. தேவை குறைந்த இடத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று அதற்குப் பெயர் வைத்தார். எழுதியதோடு நிற்காமல், தன் பொறுப்பில் இருந்த ஊர்மக்களை ஒருவர் விடாமல் தேடி இரத்த அழுத்தம் பார்த்தவரும் அவரே.

1. மதிப்பீட்டின் முடிவை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்?

வேலையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கப் போகிறார்களா? பக்கத்து வட்டாரங்களுக்கும் விரிக்கப் போகிறார்களா? அல்லது நடப்பதைச் சீர்செய்ய வழி தேடுகிறார்களா? மூன்றுக்கும் மூன்று விதமான ஆய்வு வேண்டும். சீர்செய்யத்தான் என்றால், ஆறு வாரத்தில் நாலு ஊர் சுற்றி, செவிலியர்களோடு நாள் முழுக்க இருந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விரிப்பதற்கு என்றால் ஒப்பீடு வேண்டும், காலம் வேண்டும், பணம் வேண்டும். கேட்டவரிடம் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘எதற்கும் பார்த்து வையுங்கள்’ என்றுதான் பதில் வருகிறது என்றால், அந்த மதிப்பீட்டுக்காக முதியவர்களின் நேரத்தை எடுக்காமல் இருப்பதே மரியாதை.

2. திட்டத்தை ஒரே தாளில் வரையுங்கள்

எந்தச் செயலால், யாருக்கு, எந்த வழியாக, என்ன மாற்றம் வரும் என்று நம்புகிறார்கள்? அதை அம்புக்குறி போட்டு ஒரே தாளில் வரைய வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர் வரைந்த படமும் களத்தில் நடப்பவர் வரைந்த படமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இருவரையும் தனித்தனியே வரையச் சொல்லுங்கள். மேலே இருப்பவர் ‘வீடு தேடிப் பரிசோதனை, அதனால் நோய் கட்டுப்பாடு’ என்று இரண்டு கட்டம் போடுவார். செவிலியர் நடுவில் ஏழெட்டுக் கட்டம் சேர்ப்பார்: மாத்திரை இருப்பு இருக்க வேண்டும், மருமகளோ மகனோ அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும், மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு போக வண்டி வேண்டும், போன இடத்தில் மருத்துவர் இருக்க வேண்டும். அந்த நடுக் கட்டங்களில்தான் கிராமப்புறத் திட்டங்கள் அறுந்துபோகின்றன. எதை அளக்க வேண்டும் என்ற பட்டியல் அங்கிருந்தே பிறக்கும்.

மருத்துவத்தின் தரத்தை ஆராய்ந்த அவேதிஸ் டோனபீடியன் 1966-இல் வகுத்த மூன்று அடுக்குகள் இந்தப் படத்தை ஒழுங்குபடுத்த உதவும். ஆள், கருவி, மருந்து, வண்டி ஆகியவை அமைப்பு. உண்மையில் செய்யப்பட்ட வேலை செயல்முறை. முதியவரின் வாழ்வில் நேர்ந்த மாற்றம் விளைவு. புதிதாக வருபவர்கள் விளைவை மட்டும் அளந்துவிட்டு, ‘திட்டம் பலிக்கவில்லை’ என்று எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மருந்தே போய்ச் சேராத ஊரில் பலித்ததா பலிக்கவில்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றையும் அளந்தால்தான் திட்டம் தவறா, அதை நடத்திய விதம் தவறா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

3. மொத்தம் எத்தனை முதியவர்கள்?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற படிகளில் கொஞ்சம் தவறினாலும் சரிசெய்துகொள்ளலாம். இங்கே தவறினால் அறிக்கை முழுக்கக் கோணிப்போகும்.

திட்டத்தின் பதிவேட்டில் உள்ள பெயர்களை மொத்த எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அது வந்தவர்களின் பட்டியல். மொத்தத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல், ஓய்வூதியப் பட்டியல் என்று எது கிடைக்கிறதோ அது. ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. ஓய்வூதியம் கிடைக்காதவர் ஓய்வூதியப் பட்டியலில் இருக்க மாட்டார். அவரே பெரும்பாலும் நாம் தேடும் ஆள். பிள்ளைகள் வீட்டுக்கு மாறி மாறிப் போய்த் தங்கும் முதியவர் இரண்டு ஊரிலும் விடுபட்டுப் போவார். ஆகவே தேர்ந்தெடுத்த சில ஊர்களிலாவது வீடு வீடாகப் போய் நீங்களே எண்ணுங்கள். வழித்தடம் முடியும் இடத்தில் உள்ள வீடு, தோட்டத்துக்குள் தனித்து நிற்கும் வீடு, ஊர்க்கோடிக் குடிசை ஆகியவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. ஊர் நடுவிலிருந்து தொடங்கினால் பொழுது சாயும்போது அந்த வீடுகள் விட்டுப்போகும்.

வயதும் சிக்கலே. பிறப்புச் சான்று இல்லாத தலைமுறையில் பலர் வயதை முழு எண்ணாகச் சொல்வார்கள்: அறுபது, அறுபத்தைந்து, எழுபது. வயதுகள் இயல்பாகப் பரவியிருந்தால், 0 அல்லது 5-இல் முடியும் வயதுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். உங்கள் பதிவேட்டில் மொத்த வயதுகளில் பாதி அப்படி முடிந்தால், பல வயதுகள் குத்துமதிப்பாகச் சொல்லப்பட்டவை அல்லது எழுதப்பட்டவை என்று பொருள். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை அளக்க விப்பிள் குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள். அது 100 என்றால் குவியலே இல்லை, 500 என்றால் எல்லா வயதும் 0-விலோ 5-இலோ முடிகிறது. திட்டத்தில் சேர வயது வரம்பு இருந்தால் இது வெறும் கணக்குப் பிழையாக நிற்காது. தகுதியுள்ள ஒருவர் வெளியே தள்ளப்பட்டிருக்கலாம். அந்தப் பகுதியில் எல்லோருக்கும் நினைவிருக்கும் வெள்ளம், பஞ்சம், பாலம் கட்டியது, மின்சாரம் வந்தது போன்ற நிகழ்வுகளை வரிசைப்படுத்தி ஒரு காலப் பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள். ‘பாலம் கட்டும்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று கேட்டால் வயது ஓரளவு பிடிபடும்.

மொத்தம் கிடைத்ததும் எட்டியவர் விகிதத்தைக் கணக்கிடுங்கள். கணக்கிட்டு அப்படியே விட்டுவிடாமல், தூரத்தின்படி, ஆண் பெண் என்று, தனியாக வாழ்பவர் குடும்பத்தோடு இருப்பவர் என்று, நடமாட முடிந்தவர் முடியாதவர் என்று பிரித்துப் பாருங்கள். சராசரியாக 60 விழுக்காடு என்பது கேட்க நன்றாக இருக்கும். சுகாதார நிலையத்துக்கு அருகில் 85, கடைசி ஊரில் 20 என்று பிரிந்தால் அது வேறு கதை. ரசல் கிளாஸ்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1999-இல் முன்வைத்த மதிப்பீட்டு முறையில், எத்தனை பேரை எட்டியது என்பதே முதல் கேள்வி. பலன், நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட அளவு, நடத்திய விதம், நிலைத்து நின்றதா என்பவை அடுத்து வருகின்றன. வரிசையிலேயே ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். எட்டாத பலன் பலனாகாது.

4. நோயை மட்டும் அளக்காதீர்கள்

இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் எழுத எளிதானவை என்பதால் பதிவேடு முழுக்க அவையே இருக்கும். முதியவருக்கு முக்கியம் வேறு. தானாக எழுந்து கழிப்பறைக்குப் போக முடிகிறதா, குளிக்க முடிகிறதா, பேரப்பிள்ளை பேசுவது காதில் விழுகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா? இவற்றை அளக்க நல்ல கருவிகள் நெடுங்காலமாகவே இருக்கின்றன.

சிட்னி காட்ஸ் குழுவினர் 1963-இல் வெளியிட்ட அளவுகோலில் ஆறே செயல்கள்: குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழுந்து மாறுதல், சிறுநீர் மல அடக்கம், உண்ணுதல். உதவியின்றிச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். லாட்டனும் பிரோடியும் 1969-இல் தந்த இன்னொரு அளவுகோல், தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், பயணம், மருந்து எடுத்தல், பணம் கையாளுதல் என்று எட்டைப் பார்க்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை. வாழ்நாளில் சமைத்தே அறியாத ஆணிடம் ‘சமைக்கிறீர்களா’ என்று கேட்டு, இல்லை என்றதும் இயலாமை என்று குறித்துவிடக் கூடாது. ‘தேவைப்பட்டால் முடியுமா’ என்று கேட்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட முதியோருக்கான ஒருங்கிணைந்த பராமரிப்புக் கையேடு களத்துக்கு மிகவும் ஏற்றது. நினைவாற்றல், நடமாட்டம், ஊட்டச்சத்து, பார்வை, செவி, மனச்சோர்வு என்று ஆறு திறன்களைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை 14 நொடிக்குள் எழுந்து உட்கார முடிகிறதா? கடந்த மூன்று மாதத்தில் தானாகவே 3 கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா? மூன்று சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திரும்பக் கேட்டால் சொல்கிறாரா? பெரிய கருவி ஏதும் வேண்டாம். உறுதியான நாற்காலியும் கைக்கடிகாரமும் போதும். எழுந்து நிற்கும்போது தடுமாறினால் பிடித்துக்கொள்ள பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நினைவாற்றல் தேர்வுகளில் எச்சரிக்கையாக இருங்கள். 1975 முதல் புழக்கத்தில் உள்ள 30 மதிப்பெண் மனநிலைத் தேர்வில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களை வரையச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத ஒருவர் அங்கே மதிப்பெண் இழந்தால், மறதி நோய் என்று ஆகிவிடாது. எழுத்தறியாதவர்களுக்கு ஏற்பத் திருத்திய வடிவங்கள் பல மொழிகளில் உள்ளன; அவற்றில் ஒன்றைத் தேடி எடுங்கள். வேறு மொழியிலிருந்து கேள்விகளைக் கொண்டுவந்தால், ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்கு மாற்றி, இரண்டையும் ஒத்துப் பார்ப்பது வழக்கம். அதோடு நிறுத்தாமல் பத்து முதியவர்களிடம் கேட்டு, ‘இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவென்று புரிந்தது?’ என்றும் விசாரியுங்கள்.

பராமரிப்பவரை மறந்துவிடாதீர்கள். மகளோ மருமகளோ மனைவியோ அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டிருப்பார். அவருடைய சுமையை அளக்க ஸ்டீவன் ஜாரிட் குழுவினர் 1980-இல் உருவாக்கிய வினாத்தாள் இன்றும் பயன்படுகிறது. முதியவரின் நிலை அப்படியே இருந்து, பராமரிப்பவர் ராத்திரி நாலு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறார் என்றால் அதுவும் திட்டத்தின் பலனே.

5. முதுமையின் கோடு கீழ்நோக்கியே போகும்

குழந்தைகள் நலத்திட்டத்தை மதிப்பிட்டுப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். குழந்தை வளரும், எடை ஏறும், வரைபடம் மேலே போகும். எண்பது வயதுக்காரரின் நடமாட்டம் இரண்டு ஆண்டில் இயல்பாகவே குறையும். நல்ல திட்டம் அந்தச் சரிவின் வேகத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் மட்டும் அளந்தால், நல்ல திட்டமும் தோற்றதுபோலவே தெரியும். ‘திட்டம் இல்லாதிருந்தால் எங்கே போயிருக்கும்’ என்பதோடு ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும்.

எதிர்த்திசையிலும் ஏமாற வழி உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சராசரி நோக்கித் திரும்புதல். 1886-இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர் பிள்ளைகளின் உயரத்தை ஆராய்ந்தபோது விவரித்தது இது. முகாமில் இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தவர்களை மட்டும் திட்டத்தில் சேர்த்தால், அடுத்த மாதம் அளக்கும்போது எதுவும் செய்யாமலேயே சராசரி இறங்கியிருக்கும். அன்றைக்கு வெயிலில் நடந்து வந்ததாலோ பதற்றத்தாலோ சிலருக்கு ஏறியிருந்தது இறங்கிவிடுகிறது. அந்த இறக்கத்தைத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. சேர்ப்பதற்கு முன் வெவ்வேறு நாளில் இரண்டு மூன்று முறை அளந்துகொண்டால் பெரும்பகுதி சரியாகும்.

இரண்டாவது, இறந்தவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவது. பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். காட்ஸ் அளவுகோலில் ஆறு பேருக்கு 6, நாலு பேருக்கு 2. சராசரி 4.4. ஓராண்டு கழித்து, மிகவும் தளர்ந்த அந்த நால்வரில் இருவர் காலமாகிவிட்டார்கள். மற்ற எட்டுப் பேரிடம் எந்த மாற்றமும் இல்லை. இப்போது சராசரி 5.0. ஒருவர்கூடத் தேறவில்லை, இரண்டு பேர் இறந்துபோனார்கள், ஆனால் தாளில் முன்னேற்றம். முதியோர் திட்டங்களின் அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். தொடக்கத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் இறுதியில் என்ன ஆயிற்று என்று சொல்லும் அட்டவணை இருக்க வேண்டும்: இருக்கிறார், இறந்தார், ஊர் மாறினார், பேச மறுத்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அட்டவணை இல்லாத அறிக்கையின் சராசரிகளை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, மருத்துவமனைச் சேர்க்கை. அது குறைந்தால் வெற்றி என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இதுவரை மருத்துவரையே பார்த்திராத ஊரில் நல்ல திட்டம் நுழைந்தால், முதல் ஆண்டில் சேர்க்கை கூடும். கண்புரை, குடலிறக்கம், கவனிக்காமல் விட்ட புண் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஆகவே தவிர்த்திருக்கக்கூடிய சேர்க்கை எது, தள்ளிப்போட்டு வந்த தேவை எது என்று பிரித்துப் பாருங்கள். குறைந்த சேர்க்கை, போக வண்டியில்லை என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

6. ஒப்பிட யாரை எடுப்பது?

குலுக்கல் முறையில் சில ஊர்களுக்குத் திட்டத்தைக் கொடுத்து, சில ஊர்களுக்குக் கொடுக்காமல் விடுவது தூய்மையான வழி. கிராமங்களில் அது பல நேரம் நடக்காது. பக்கத்து ஊருக்கு வந்தது நமக்கு ஏன் இல்லை என்ற கேள்வியும் நியாயமானதே. இதற்கு நல்ல மாற்று, படிப்படியாக நுழைக்கும் முறை. எல்லா ஊருக்கும் திட்டம் வரும். எந்த ஊருக்கு எப்போது என்பதை மட்டும் குலுக்கல் தீர்மானிக்கும். காத்திருக்கும் ஊர்கள் ஒப்பீட்டுக்கு நிற்கும். காம்பியா நாட்டில் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் அழற்சிக்கான தடுப்பூசியை 1986 முதல் 1990 வரை இப்படித்தான் பகுதி பகுதியாக நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். ஒரே நாளில் எல்லா ஊருக்கும் தொடங்க ஆளும் வண்டியும் பெரும்பாலும் இருப்பதில்லை. எப்படியும் வரிசையாகத்தான் போகப் போகிறோம் என்றால், அந்த வரிசையைச் செல்வாக்குள்ளவர் முடிவு செய்வதைவிடக் குலுக்கல் முடிவு செய்வது எல்லோருக்கும் நியாயம்.

திட்டம் முடிந்த பிறகு கூப்பிடப்பட்டால், தூரம், ஊரின் அளவு, சாலை, வயது அமைப்பு ஆகியவற்றில் ஒத்த ஊர்களைத் தேடி இணைத்து, இரண்டிலும் காலப்போக்கில் ஏற்பட்ட மாற்றத்தின் வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டு அளவீடும் ஒரே பருவத்தில் நடக்க வேண்டும். அறுவடைக் காலத்திலும் கடுங்குளிரிலும் கிராமத்து வாழ்க்கை வேறு வேறு.

எத்தனை பேரை எடுப்பது என்பதில் ஒரு சூட்சுமம். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தண்ணீர், ஒரே செவிலியர், ஒரே சாலை என்று வாழ்வதால் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். இருபது பேரைக் கேட்டாலும் இருபது தனி விடை கிடைக்காது. ஊருக்கு 21 பேர், ஊருக்குள் ஒப்புமை (ஒரே ஊர்க்காரர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று காட்டும் எண்; எல்லோரும் ஒரே மாதிரி என்றால் 1) 0.05 என்றால், பெருக்க வேண்டிய எண் 1 + (21 − 1) × 0.05, அதாவது 2. தனித்தனி ஆட்களுக்கு 400 பேர் போதும் என்று கணக்கு சொன்னால் உங்களுக்கு 800 வேண்டும். ஊருக்கு ஆளைக் கூட்டுவதைவிட ஊர்களைக் கூட்டுவது நல்லது. செலவு ஏறும். ஆனால் மூன்று ஊரில் மூன்றாயிரம் பேரைக் கேட்டாலும், கையில் இருப்பது மூன்று ஊர்தான்.

7. பேசப் போகும்போது

காலை வெளிச்சத்தில் போங்கள். எதிரே உட்கார்ந்து, உதட்டசைவு தெரியும்படி, நிதானமாகப் பேசுங்கள். கேட்கவில்லை என்றால் கத்தாமல் அருகே நகருங்கள். அரை மணிக்கு மேல் போகும் என்றால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். களைப்பில் வரும் ‘ஆமாம்’ எதற்கும் உதவாது.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பதிலை மாற்றும். மருமகளை வைத்துக்கொண்டு ‘உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களா’ என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்பது அந்த முதியவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். சில கேள்விகளையாவது தனியே கேட்க வழி செய்யுங்கள். மறதியால் பதில் சொல்ல முடியாதவருக்காக வேறொருவர் பதில் சொன்னால், அதைத் தனியாகக் குறியுங்கள். இருவர் பார்வையும் ஒன்றாக இருக்காது. அதே காரணத்தால் ஒப்புதலும் ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. குடும்பத்தார் சம்மதித்திருந்தாலும் முதியவர் முகம் திருப்பினால், எழுந்துவிடுங்கள்.

மாத்திரை கொடுக்கும் செவிலியரையே கருத்துக் கேட்க அனுப்பாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்து யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘திருப்தியா?’ என்ற கேள்வியும் கிராமத்து முதியவரிடம் பெரும்பாலும் எடுபடாது. வீடு தேடி யாரோ வருகிறார்களே என்ற நன்றியில் எல்லோரும் திருப்தி என்பார்கள். நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது வந்தார், என்ன செய்தார், எவ்வளவு நேரம் இருந்தார், சொன்ன மருந்து கிடைத்ததா? மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டச் சொன்னால், எத்தனை உடைபட்டிருக்கிறது என்பது ஒரு மணி நேரப் பேச்சைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். கீழே விழுந்ததை ஓராண்டு கழித்துக் கேட்டால் பலருக்கு மறந்திருக்கும். மாதக் காலண்டர் ஒன்றைக் கொடுத்து, விழுந்த நாளில் குறியிடச் சொல்வதே நம்பகமான வழி.

திட்டத்தில் சேர்ந்து பிறகு விலகியவர்கள், ஒருபோதும் வராதவர்கள் ஆகியோரில் பதினைந்து இருபது பேரிடமாவது நீண்ட நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எண்கள் எங்கே ஓட்டை என்று காட்டும். ஏன் என்பதை இவர்கள்தான் சொல்வார்கள். முகாம் நடக்கும் கட்டடத்தில் ஆறு படி இருக்கிறது, கைப்பிடி இல்லை என்பதை எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது.

8. பதிவேட்டை எப்படிப் படிப்பது

தொகுத்த அறிக்கையை ஒதுக்கிவைத்து, கையால் எழுதிய மூலப் பதிவேட்டைக் கேளுங்கள். இரத்த அழுத்தத்தின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். மின்னணுக் கருவியில் அளந்திருந்தால் கடைசி இலக்கம் 0 ஆக இருப்பது பத்தில் ஒன்றுதான் இருக்கும். இரண்டு இரண்டாகக் கோடிட்ட பழைய கருவியென்றால் ஐந்தில் ஒன்று. பக்கம் முழுக்க 120/80, 130/80, 140/90 என்று ஓடினால், அளக்காமல் எழுதியது அல்லது அவசரத்தில் அருகிலுள்ள பத்துக்கு மாற்றி எழுதியது. இதைக் கண்டதும் செவிலியர் மீது பாயாதீர்கள். ஒரு நாளில் எத்தனை வீடு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை படிவம் என்று அவரோடு ஒரு நாள் போய்ப் பாருங்கள். நாற்பது வீட்டு இலக்கும் பழுதான கருவியும் கொடுத்துவிட்டு உண்மையான எண்ணை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. அந்த இலக்கை வைத்தவருக்குப் போக வேண்டிய கண்டுபிடிப்பு அது.

9. செலவு

அலுவலகக் கணக்கில் சம்பளம், மருந்து, எரிபொருள் இருக்கும். முதியவர் வீட்டுக் கணக்கு இருக்காது. வண்டிக் கூலி, கூட வந்தவர் இழந்த ஒரு நாள் கூலி, காத்திருந்த நேரம், மாலை வரை சாப்பிடாமல் இருந்தது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ‘இலவச’ முகாம் சிலருக்கு எவ்வளவு செலவுள்ளது என்று தெரியும். திட்டச் செலவைப் பரிசோதனை எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். எட்டிய ஆட்களாலும், பலன் பெற்றவர்களாலும் வகுத்துப் பாருங்கள். கடைசி ஊரில் ஓர் ஆளுக்கான செலவு நிச்சயம் கூடுதலாக இருக்கும். அதை வீண்செலவு என்று எழுதிவிடாதீர்கள். அங்கே போய்ச் சேர ஆகும் விலை அது. கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவெடுப்பவர் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

10. எழுதி முடித்த பிறகு

அறிக்கையின் முதல் பக்கத்தில் சராசரியைப் போடாமல், தூரத்தின்படி பிரித்த எட்டியவர் விகிதத்தைப் போடுங்கள். பலன் இல்லை என்று தெரிந்தால், எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று இரண்டாம் படியில் வரைந்த தாளை வைத்துக் காட்டுங்கள். நிதி கொடுத்தவர்களுக்கு நாற்பது பக்கம் கொடுத்தால், ஊர்க்காரர்களுக்குப் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் கொடுங்கள். நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் அங்கேயே திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

கணக்கெடுப்பின்போது கண்ணில் பட்டவர்கள் இருப்பார்கள்: படுக்கைப் புண்ணோடு கிடந்தவர், மூன்று மாதமாக மருந்து தீர்ந்துபோனவர், வாழ விருப்பமில்லை என்று உங்களிடம் சொன்னவர். அவர்களை அன்றன்றே திட்டத்துக்குத் தெரிவிக்க ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் களத்தில் இறங்கக் கூடாது. வாழ விருப்பமில்லை என்றவரைத் தனியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் வந்து உட்காரும்வரை இருங்கள். இப்படித் தெரிவித்த பெயர்களை ஒரு தனி நோட்டில் எழுதி, பூட்டி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குத் திரும்பிப் போங்கள். யாராவது வந்தார்களா என்று கேளுங்கள்.